போன் சூடு, ராத்திரி சார்ஜ், இறங்கும் பேட்டரி: டெலிவரி ஓட்டும் ஒரு தம்பிக்குப் பதில்

திருச்சியில் உணவு டெலிவரி ஓட்டும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, போன் வாங்கி 14 மாதம்தான் ஆகிறது. 5000 எம்ஏஹெச் பேட்டரி. முதலில் ராத்திரி வரை நின்ற சார்ஜ் இப்போது மதியம் மூன்று மணிக்கே 15-க்கு வந்துவிடுகிறது. சில நேரம் 20 சதவீதம் காட்டும்போதே ஆஃப் ஆகிவிடுகிறது. விடிய விடிய சார்ஜில் போட்டுத் தூங்குவதுதான் காரணம் என்று ரூமில் எல்லோரும் சொல்கிறார்கள். 80-க்கு மேல் ஏற்றவே கூடாதாமே? வேகச் சார்ஜரை விட்டுவிட்டுப் பழைய சின்ன சார்ஜருக்கு மாறலாமா? சூடானால் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?"

தம்பி, ராத்திரி சார்ஜ் பற்றிய பயத்தை முதலில் ஓரமாக வையுங்கள். உங்கள் பேட்டரியைத் தின்பது மதிய வெயில். பதினாறு வருடமாக போன் சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். டெலிவரி, ஆட்டோ, கால் டாக்ஸி ஓட்டுகிறவர்களின் போனைத் திறந்தால், மற்றவர்களுக்கு மூன்று வருடத்தில் வரும் நிலை அவர்களுக்கு ஒன்றரை வருடத்திலேயே வந்திருக்கும். ராத்திரி சார்ஜே போடாதவர்களும் அதில் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: ஹேண்டில் பாரிலோ டேஷ்போர்டிலோ வெயிலைப் பார்த்தபடி மாட்டிய ஹோல்டர்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வானம் தெளிவாக இருந்தால் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் கொட்டுகிறது. உங்கள் போன் 16 சென்டிமீட்டர் நீளம், ஏழரை சென்டிமீட்டர் அகலம் என்றால் பரப்பு 120 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் விழுவது 12 வாட். கண்ணாடியில் பட்டுத் திரும்புவது போக, ஹோல்டர் சாய்ந்திருப்பதால் குறைவது போக, எட்டு வாட்டாவது அந்தக் கறுப்புத் திரைக்குள் இறங்கும். 33 வாட் சார்ஜர் முழு வேகத்தில் ஏற்றும்போது போனுக்குள் வெப்பமாக வீணாவது மூன்று, நான்கு வாட்தான்; அதுவும் தொடக்கத்தில் கொஞ்ச நேரத்துக்கு. ஊரெல்லாம் வேகச் சார்ஜரைத் திட்டுகிறது. ஆனால் உங்கள் போனுக்கு அதைவிட இரண்டு மடங்கு சூட்டை வெயில் ஓசியிலேயே ஏற்றிக்கொண்டிருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. வெயிலில் மேப் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தை முழுதாக வைத்திருப்பீர்கள். ஜிபிஎஸ் ஓடுகிறது, டேட்டா ஓடுகிறது, போதாததற்கு பைக்கின் யுஎஸ்பியிலிருந்து சார்ஜும் ஏறுகிறது. வண்டி ஓடும்போது காற்றுப் படும், சரி. சிக்னலில் நிற்கும்போது? ஹோட்டல் வாசலில் பார்சலுக்காகப் பத்து நிமிடம் காத்திருக்கும்போது? நீங்கள் நிழலில் ஒதுங்கிவிடுவீர்கள், போன் வண்டியிலேயே வெந்துகொண்டிருக்கும்.

ஆப்பிள் தன் ஐபோனைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது. நம் ஊருக்கு இதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அது நிழலில் எடுத்த அளவு. அவ்வளவு வேண்டாம், அக்னி நட்சத்திரத்தில் திருச்சி, கரூர், வேலூர் பக்கம் 40 என்பது செய்தியே கிடையாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ரூமில் ராத்திரி பத்து மணிக்குக்கூட 33, 34 இருக்கும். அதாவது போன் சும்மா கிடந்தாலே அதன் எல்லைக்கோட்டில்தான் கிடக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் பேட்டரி யோசனைகள் நமக்கு அப்படியே பொருந்தாமல் போவது இதனால்தான். அவர்கள் சதவீதத்தைப் பற்றிப் பேசலாம். நாம் முதலில் சூட்டைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சூடு உள்ளே என்ன செய்கிறது? புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது தெரியுமல்லவா? எண்ணெய் தடவிச் சுடவைத்தால் மேலே மெல்லிய படலம் ஒன்று பிடிக்கும். அது இல்லாவிட்டால் தோசை ஒட்டிக்கொள்ளும். லித்தியம்-அயான் பேட்டரியிலும் அப்படித்தான். முதல் சில சார்ஜிலேயே உள்ளே இருக்கும் கிராஃபைட் தகட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. அதுதான் தகட்டையும் திரவத்தையும் பிரித்துக் காப்பாற்றுகிறது. ஆனால் தோசைக்கல்லைத் தினமும் தீய விட்டால் அந்தப் படலம் கரி ஏடாகத் தடித்துப்போகும் இல்லையா? இங்கேயும் அதே கதை. சூடு ஏற ஏறப் படலம் தடிக்கிறது. தடிக்கும் ஒவ்வொரு முறையும், சார்ஜைச் சுமந்து அங்கும் இங்கும் போய்வர வேண்டிய லித்தியத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த லித்தியம் திரும்பி வராது. உங்கள் 5000 எம்ஏஹெச் 4000 ஆவது இப்படித்தான். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் இந்த வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக நடக்கும் என்பது வேதியியலில் தோராயமான கணக்கு.

படலம் தடித்தால் இன்னொன்றும் நடக்கும். பேட்டரியின் உள் தடை கூடும். உங்கள் போன் 20 சதவீதத்தில் ஆஃப் ஆவதற்கு இதுதான் காரணம். பழைய வீட்டில் மேல்தொட்டி பாதி நிறைந்திருந்தாலும், துருப்பிடித்த குழாயில் இரண்டு டேப்பைச் சேர்த்துத் திறந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருமே, அந்த மாதிரி. கேமராவைத் திறக்கிறீர்கள், அல்லது சிக்னல் இல்லாத இடத்தில் கால் வருகிறது. போன் திடீரென்று அதிகக் கரன்ட் கேட்கிறது. பேட்டரியால் அவ்வளவையும் ஒரேயடியாகக் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரிகிறது, போன் அணைந்துவிடுகிறது. உள்ளே சார்ஜ் உண்மையிலேயே இருந்திருக்கும். சதவீதம் பொய் சொன்னதாக நினைத்து "கேலிபிரேட்" செய்கிறேன் என்று 0-க்கு இறக்கி 100-க்கு ஏற்றி எதுவும் ஆகப்போவதில்லை. தேய்ந்த பேட்டரியை இன்னும் ஒரு சுற்று தேய்ப்பதுதான் மிச்சம்.

2017 டிசம்பரில் ஆப்பிள் மாட்டிக்கொண்டதும் இந்த விஷயத்தில்தான். பழைய ஐபோன்கள் இப்படித் திடீரென்று அணையாமல் இருக்க, பேட்டரி தேய்ந்த போன்களின் வேகத்தைச் சாஃப்ட்வேர் மூலம் குறைத்திருந்தார்கள். செய்தது தப்பில்லை, சொல்லாமல் செய்ததுதான் தப்பு. ரகளையாகி, மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் விலையை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கினார்கள். அடுத்த ஆண்டு வந்த அப்டேட்டில்தான் "பேட்டரி ஹெல்த்" என்று சதவீதம் காட்டும் பக்கம் முளைத்தது. அதிலிருந்து எனக்குத் தலைவலி வேறு மாதிரி. "அண்ணே, நேற்று 91, இன்று 90" என்று பதறிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். கண்ணாடி முன்னால் நின்று தினமும் நரைமுடி எண்ணுகிற வேலை அது.

சரி, ராத்திரி சார்ஜுக்கு வருவோம். 100 ஆனதும் போனே மின்சாரத்தை நிறுத்திக்கொள்கிறது. "ஓவர்சார்ஜ் ஆகி வெடிக்கும்" என்பதெல்லாம் நல்ல போன், நல்ல சார்ஜர் இருக்கிற இடத்தில் வீண் பயம். ஆனால் அதில் ஒரு சின்ன உண்மை ஒளிந்திருக்கிறது. முழுதாக நிறைந்திருக்கும் பேட்டரி இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்டு மாதிரி. பழைய நோக்கியா காலத்தில் முழு சார்ஜ் என்றால் 4.2 வோல்ட். இன்றைய பேட்டரியைக் கழற்றி மேலே அச்சடித்திருப்பதைப் படித்தால் "லிமிட்டட் சார்ஜ் வோல்டேஜ்" என்ற இடத்தில் 4.4-க்கு மேல் ஏதாவது ஒரு எண் இருக்கும். அதே அளவு பேட்டரியில் கூடுதல் சார்ஜை அடைக்க இழுவையைக் கூட்டியிருக்கிறார்கள். அந்த நிலையில் மணிக்கணக்காக இருப்பது அதற்குப் பிடிக்காது. சூட்டோடு சேர்ந்து இருப்பது அறவே பிடிக்காது.

இதற்கு நல்ல கணக்கு ஒன்று உண்டு. பேட்டரி சோதனைக் கருவிகள் செய்யும் கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. பேட்டரியை ஓராண்டு பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்தால் கொள்ளளவில் எவ்வளவு மிஞ்சும் என்பது. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் வைத்தால் 96 மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜில் வைத்தால் 80. 40 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் 85. 40 டிகிரியில் முழு சார்ஜில் 65. கடைசி எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். யாரும் தொடவே இல்லை, ஒரு கேம் விளையாடவில்லை, மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

அந்தக் கடைசி எண்ணை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா போன் கொண்டுவந்தார். "டிஸ்ப்ளே ஒட்டு விட்டுப்போச்சு, கொஞ்சம் பசை போட்டுக் குடுங்க தம்பி" என்றார். பார்த்தால் திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று அந்த இடுக்கில் தாராளமாகப் போனது. பசை விட்டுப்போகவில்லை, உள்ளே பேட்டரி உப்பி, பூரி மாதிரி எழும்பித் திரையைத் தள்ளியிருந்தது. பின்மூடியைச் சுடவைத்து மெதுவாகத் திறந்தால் நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தது போல இனிப்பும் நெடியுமாக ஒரு வாசனை. உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு ஆகியிருக்கிறது. "எங்கேக்கா வைப்பீங்க போனை?" என்று கேட்டேன். இஸ்திரிப் பெட்டி வைக்கும் மேஜையில், சுவரோரம். காலையில் கடை திறந்ததும் சார்ஜில் மாட்டிப் பாட்டுப் போடுவார், ராத்திரி பூட்டும்போது கழற்றுவார். நாள் முழுக்க 100, பக்கத்திலேயே இஸ்திரிப் பெட்டி. அவர் ராத்திரி ஒரு நாளும் சார்ஜ் போட்டதில்லை. அதைப் பெருமையாகவும் சொன்னார்.

ஆகவே ராத்திரி போடுவதாக இருந்தால் போன் கிடக்கும் இடத்தைப் பாருங்கள். தலையணைக்கு அடியில், மெத்தை மேல், போர்வைக்குள் வேண்டாம். பஞ்சு சூட்டை வெளியே விடாது. தரையில் வையுங்கள். மொசைக் தரை, டைல்ஸ், சிமென்ட் எதுவானாலும் சரி. சமையலறை கிரானைட் மேடை இன்னும் நல்லது, அடுப்புக்குத் தள்ளி. பின்கவரைக் கழற்றிவிட்டு ஃபேன் காற்றுப் படும் இடத்தில் வைத்தால் சில டிகிரி குறையும். காசு செலவில்லாத வைத்தியம் இது. "அடாப்டிவ் சார்ஜிங்", "ஆப்டிமைஸ்டு சார்ஜிங்" என்று செட்டிங்ஸில் இருந்தால் போட்டுவிடுங்கள். நீங்கள் தூங்கும் நேரத்தைப் பழகிக்கொண்டு, 80-இல் நிறுத்திவைத்து, எழுந்திருக்கும் முன்னால் மிச்சத்தை ஏற்றும். ஆனால் டெலிவரிக்காரருக்கு எழுந்திருக்கும் நேரம் நிலையாக இருக்காது என்பதால் அது குழம்பிவிடவும் கூடும்.

80-இல் நிறுத்துவது பயன் தருமா என்றால், தரும். இழுவை குறைகிறது, படலம் தடிப்பது குறைகிறது. ஐபோன் 15-இலிருந்து அதற்கென்றே ஒரு சுவிட்ச் வந்தது. ஆண்ட்ராய்டில் பல கம்பெனிகளும் கொடுக்கின்றன. ஆனால் உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். மேஜையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், நாள் முழுக்கச் சார்ஜருக்குப் பக்கத்திலேயே இருப்பவர் 80-இல் நிறுத்தட்டும், அவருக்கு நஷ்டமில்லை. உங்களுக்கு மதியம் மூன்று மணிக்கே தீர்ந்துபோகிறது. நாளைக்குப் பேட்டரி தேயாமல் இருக்க, இன்றைக்கே ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மதியம் வெயிலில் பைக்கில் சார்ஜ் போடுவீர்கள். அது எல்லாவற்றையும் விட மோசம். காலையில் கிளம்புவதற்கு முன் 100 வரை ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். ஏற்றி முடித்ததும் பயன்படுத்தத் தொடங்கினால் 100 என்பதில் ஒரு குற்றமும் இல்லை.

கீழ்ப்பக்கத்திலும் அளவுக்கு மீறிய பயம் வேண்டாம். ஒரு நாள் 5-க்கு இறங்கினால் ஒன்றும் ஆகாது. தினமும் அணையும் வரை ஓட்டாதீர்கள், அவ்வளவே. கெடுதல் எங்கே என்றால், அணைந்த போனைப் பீரோவில் போட்டு மறந்துவிடுவதில். 0 காட்டும்போதும் உள்ளே கொஞ்சம் இருப்பு வைத்துத்தான் போன் அணைகிறது. மாதக்கணக்கில் கிடந்தால் அந்த இருப்பும் கசிந்து, உள்ளே இருக்கும் செம்புத் தகடே கரையத் தொடங்கும் அளவுக்கு வோல்டேஜ் விழுந்துவிடும். பழைய போனை எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில், அணைத்து வையுங்கள்.

"முழுதாக இறக்கி முழுதாக ஏற்று", "புது போனை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும்" இதெல்லாம் நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். அந்தப் பேட்டரிக்கு அரைகுறையாக ஏற்றினால் "ஞாபகம்" வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும் குணம் உண்டு. லித்தியம்-அயானை சோனி 1991-இல் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. நோக்கியா 1100-க்குள் இருந்த பிஎல்-5சி பேட்டரியே லித்தியம்-அயான்தான். ஆனாலும் அதை விற்ற கடைக்காரர் எட்டு மணி நேரக் கதையைச் சொல்லித்தான் கொடுத்தார். 2007 ஆகஸ்டில் அதே பிஎல்-5சியில் ஒரு தயாரிப்பாளர் செய்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது சூடேறக்கூடும் என்று நோக்கியா அறிவித்தபோது ஊரே பேட்டரியைக் கழற்றிப் பின்னால் இருக்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது, சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள். இருபதுக்கும் எழுபதுக்கும் இடையில் தோன்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றுவதுதான் இந்த வகைப் பேட்டரிக்கு இதம். பாதி பாதியாக இரண்டு முறை ஏற்றினால் ஒரு சுற்று என்றுதான் கணக்கு, இரண்டு இல்லை.

சுற்று என்றதும் ஒரு அளவுகோல். ஐபோன் 14 வரை 500 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம் கொள்ளளவு நிற்கும் என்பது ஆப்பிள் வகுத்த அளவு. ஐபோன் 15-இலிருந்து 1000. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்கள் 800 சுற்றுக்குப் பிறகும் 80 தாங்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. உங்களுக்குத் தினம் ஒன்றரைச் சுற்று ஆகும் என்று வைத்துக்கொண்டால் 14 மாதத்தில் 600-ஐத் தாண்டியிருப்பீர்கள். வெயிலே படாவிட்டாலும் ஓரளவு தேய்ந்துதான் இருக்கும். உங்கள் தப்பு எதுவும் இல்லாமலே போயிருக்கும் பங்கு அது.

வேகச் சார்ஜரை விட வேண்டுமா? பெட்டியில் வந்த சார்ஜர், பெட்டியில் வந்த கேபிள் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முழு வேகம் என்பது பேட்டரி காலியாக இருக்கும் முதல் பாதியில்தான். மேலே போகப் போகப் போனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 80-இலிருந்து 100 போக அவ்வளவு நேரம் எடுப்பது அதனால்தான். வேகச் சார்ஜிங் செய்கிறவர்கள் சூட்டைப் போனிலிருந்து வெளியே தள்ளுவதற்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2014-இல் வந்த ஓப்போவின் வூக் வேகச் சார்ஜர் அதற்கு நல்ல உதாரணம்: வோல்டேஜைக் குறைக்கும் வேலையைச் சார்ஜருக்குள்ளேயே முடித்துவிட்டுக் குறைந்த வோல்டேஜில் அதிகக் கரன்டாக அனுப்பினார்கள். சூடு சுவரில் மாட்டிய கட்டையோடு நின்றுவிடும்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் மாறாது. கரன்ட் இரண்டு மடங்கானால் பேட்டரிக்குள் உண்டாகும் சூடு நான்கு மடங்கு. அதனால் அவசரம் இல்லாத ராத்திரி நேரத்தில் பழைய 10 வாட் சார்ஜர் இருந்தால் அதைப் போடுவது புத்திசாலித்தனம். காலையில் குளித்துக் கிளம்பும் அரை மணி நேரத்துக்கு வேகச் சார்ஜர். நான் வீட்டில் இப்படித்தான் செய்கிறேன். ஒயர்லெஸ் சார்ஜரை மட்டும் கோடைக்காலத்தில் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். காற்றில் தாண்டி வருகிற மின்சாரத்தில் வீணாவதெல்லாம் போனின் முதுகில் சூடாகத்தான் இறங்குகிறது.

ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். குளிர்பானப் பாட்டிலை வெளியே எடுத்து வைத்தால் ஒரு நிமிடத்தில் வியர்க்கிறதே, அதேதான் போனுக்குள்ளும் நடக்கும். கடலோர ஊர்களில் மே மாதம் காற்றில் இருக்கும் ஈரம் 25, 26 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பொருள் மேலும் தண்ணீராகப் படியும். ஏசி காரிலிருந்து இறங்கினால் மூக்குக்கண்ணாடி மங்குவது அதனால்தான். கண்ணாடியைத் துடைத்துவிடலாம், போர்டைத் துடைக்க என்னிடம்தான் வர வேண்டும். "தண்ணியிலேயே போடலைண்ணே" என்று சத்தியம் செய்கிறவர்களின் போனுக்குள் பச்சை பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, ஜில்லென்று இருக்கும் பேட்டரியில் உடனே வேகமாக ஏற்றினால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் போகாமல் அதன் மேல் உலோகமாகவே படியத் தொடங்கும். சூட்டை விட மோசமான கேடு அது. சூடான போனைக் கவர் கழற்றி, சார்ஜ் பிடுங்கி, நிழலில் தரையில் குப்புற வையுங்கள். பத்து நிமிடம் போதும்.

இனி வண்டியில் என்ன செய்யலாம்? மேப்பைக் காதில் கேட்டு ஓட்டப் பழகினால் போன் சட்டைப்பையிலேயே இருக்கலாம். ஏரியா பழகியவர்கள் பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். முடியாது என்றால் ஹோல்டருக்கு மேலே வெயில் மறைக்கும் குடை மாதிரிச் சின்ன மூடி வருகிறது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மேலே சொன்ன எட்டு வாட்டில் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். கறுப்புக் கவரை விட்டு வெள்ளைக் கவருக்கு மாறுவதில் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் வெயில் விழுவது திரையில். நின்ற இடத்தில் போனைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். சீட்டுக்கு அடியில் டிக்கியில் போடாதீர்கள். வெயிலில் நின்ற வண்டியின் டிக்கி அடுப்பு மாதிரி. மதியம் சார்ஜ் தேவைப்பட்டால் பவர் பேங்க்கைப் பையில் வைத்து, சாப்பிட உட்காரும் இடத்தில் ஃபேனுக்குக் கீழே போடுங்கள். "பைக்ல மாட்டினா சார்ஜே ஏற மாட்டேங்குது" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கேபிளைக் குறை சொல்லி இன்னும் பெரிய சார்ஜர் வாங்குகிறார்கள். 45 டிகிரியை நெருங்கினால் போனே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும், பிறகு நிறுத்தியும்விடும். அது பழுதில்லை. போன் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது.

சூடு எவ்வளவு என்று கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள், வெயிலில் இருக்கும் கை ஏமாற்றும். டயலரில் *#*#4636#*#* போட்டுப் பாருங்கள். சில மாடல்களில் பேட்டரியின் வெப்பநிலை வரும், சிலவற்றில் வராது. வராவிட்டால் அதைக் காட்டும் இலவச ஆப் ஏதாவது போதும். 35-க்குள் இருந்தால் கவலை இல்லை. 40 என்றால் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். அதற்கு மேல் போனால் சார்ஜைப் பிடுங்குங்கள். ஒரு வாரம் வண்டியில் பார்த்தால் எந்த நேரத்தில், எந்த இடத்தில் ஏறுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் இப்போதைய பேட்டரியைப் பொறுத்தவரை, 20-இல் அணைகிறது என்றால் அது போய்விட்டது. மேலே சொன்ன எதுவும் அதைத் திருப்பிக் கொண்டுவராது, மாற்ற வேண்டியதுதான். முடிந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாற்றுங்கள். வெளியில் மாற்றினால் பேட்டரியைக் கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். பிஐஎஸ் எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை, ஐஎஸ் 16046 என்ற தர எண், "ஆர்" என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யாருடையது என்று காட்டும். உங்கள் பேட்டரியின் அதே அளவில் 6500 எம்ஏஹெச் என்று அச்சடித்து எவராவது நீட்டினால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கழற்றும்போது பழையது உப்பியிருந்தால் கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகிறாரா, இல்லை பசை இளகக் காத்திருந்து மெதுவாக எடுக்கிறாரா என்று கவனியுங்கள். நெம்புகிறவராக இருந்தால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். என் மேஜைக்குக் கீழே இதற்காகவே ஒரு வாளி மணல் இருக்கிறது. பழைய பேட்டரியை வீட்டுக்கு வாங்கிப் போக வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மின்கழிவு எடுக்கும் இடத்துக்கு அனுப்பும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.